ஏற்காட்டில் ஒரு கார்டு மெஷின்

ஒரு சின்னக் கடைக்குக் கார்டு மெஷினை யாரிடம் வாங்கலாம் என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தால் 1942இல் போய் நிற்கிறது.

அந்த வருடம் பிரிட்டிஷ் இந்திய அரசு காபிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. போர்க்காலம். இந்தியக் காபியை வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியச் சந்தை அடைபட்டிருந்தது. தோட்டக்காரர்களைக் கைதூக்கிவிட ஓர் ஏற்பாடு செய்தார்கள். விளைந்த காபியை, வீட்டுச் செலவுக்கும் விதைக்குமான கொஞ்சத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மீதி மொத்தத்தையும் காபி போர்டிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லோருடைய காபியும் ஒரே தொட்டியில் சேரும். அதற்கு ‘பூல்’ என்று பெயர். போர்டு தரம் பிரிக்கும், புள்ளி போடும், தன் வசதிப்படி விற்கும். சரக்கை ஒப்படைத்ததும் கையில் ஒரு முன்பணம் வரும். மீதி, போர்டு விற்க விற்கத் தவணை தவணையாக வரும். ஒரு வருட அறுவடைக்கான கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த அறுவடையே முடிந்திருக்கும்.

ஏற்காடு, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்ட மலை. சேர்வராயன் மலையில் காபி வைத்திருந்த பெரிய எஸ்டேட்டும் சரி, மூன்று ஏக்கர்க்காரரும் சரி, எல்லோரும் இந்தப் பூலுக்குள்தான் இருந்தார்கள். நாகலூர் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு அந்த மூன்று ஏக்கர்தான். “பூல் பணம் வந்ததும் தர்றேன்” என்பது எங்கள் வீட்டில் ஒரு சொலவடை மாதிரி. மளிகைக்கடை பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ், அத்தை கல்யாணம் எல்லாமே அந்தத் தவணைக்காகக் காத்திருந்தவை. 1992இலிருந்து போர்டின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. 1996க்குள் காபியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆகிவிட்டது. தாத்தா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பூலைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. போர்க்காலத்தில் அது இல்லாவிட்டால் பல சிறு தோட்டங்கள் கைமாறிப் போயிருக்கும். ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் இந்த மலைக்காரர்கள் ஒரே ஒரு கேள்வியை மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார்கள். சரக்கைக் கொடுத்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே அந்தப் பணம் யாரிடம் இருக்கிறது? கார்டு மெஷின் விற்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். நாம் கேட்பதோ, “எத்தனை பர்சென்ட்?”

சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். ஏரிக்குப் போகிற ரோட்டில் அவருக்கு ஒரு கடை. காபித்தூள், மிளகு, தேன், யூகலிப்டஸ் தைலம், கொஞ்சம் ஊறுகாய். மழை மாதங்களில் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் விற்றால் பெரிய விஷயம். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது சராசரியாக 40,000. வருடத்தில் மற்ற மாதங்கள் கடையைத் திறந்துவைப்பதற்கு, மே மாதம் பிழைப்பதற்கு. ஏற்காட்டில் ஏறக்குறைய எல்லாக் கடைக்கும் கணக்கு இப்படித்தான்.

“தம்பி, ரெண்டு பேரு வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் பேங்க்காரர், மாசம் வாடகை கேக்குறாரு. இன்னொரு பையன் மெஷின் ஃப்ரீ, சவுண்ட்பாக்ஸ் ஃப்ரீங்கறான். எதுடா நமக்கு ஆகும்?”

யூபிஐ இருக்கும்போது கார்டு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்குபவர்கள் 2,500 ரூபாய்க்கு மிளகும் காபியும் வாங்கினால், க்ரெடிட் கார்டை நீட்டுகிறார்கள். பாயின்ட் வரும். பனி இறங்கிய சாயங்காலங்களில் அவர்கள் போனில் டவர் கிடைக்காது, ஸ்கேன் செய்தது சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். அப்போதும் கார்டுதான்.

பர்சென்ட்டிலிருந்தே தொடங்குவோம். அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் தொடங்கியபோது உணவகங்களிடம் பில் தொகையில் 7 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். கடன் சொல்லிச் சாப்பிடுகிறவர் கூடுதலாகச் சாப்பிடுவார் என்பது அவர்கள் வாதம். உணவகக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். 1961இல் அதே டைனர்ஸ் கார்டு இந்தியாவுக்கு வந்தது. இந்திய வங்கி ஒன்று தானே கார்டு வெளியிட 1980 ஆனது, சென்ட்ரல் பேங்க்கின் சென்ட்ரல் கார்டு. அந்தக் கால மெஷினில் மின்சாரம் கிடையாது. கார்டின் மேல் புடைத்திருக்கும் எண்கள் கார்பன் தாளில் பதியும்படி ஒரு கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பார்கள், சரக் சரக் என்று. கடைக்காரர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வங்கியில் கொடுத்துப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். திருட்டுக் கார்டுகளின் எண்கள் அச்சடித்த புத்தகம் ஒன்று கல்லாவில் கிடக்கும். பெரிய தொகை என்றால் வங்கிக்குப் போன் போட்டு அனுமதி எண் வாங்க வேண்டும். பிறகு டெலிபோன் லைனில் ஓடும் மெஷின் வந்தது. மழைக்கு லைன் போகிற ஊரில் அதுவும் மழையோடு போகும். சிம் போட்ட மெஷின் வந்த பிறகுதான் மலைக்கடைகளுக்கு இது ஒத்துவந்தது.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், அதுவரை கார்டைப் பற்றி யோசிக்காதவர்களும் மெஷின் கேட்டு அலைந்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் காகிதமாகிவிட்டது. டிசம்பர் முடியும்வரை டெபிட் கார்டுக்கான கட்டணத்தை அரசு நிறுத்திவைத்தது. ஜனவரியில் அது குறைந்த விகிதத்தில் திரும்பி வந்தபோது முதலில் கத்தியவர்கள் பெட்ரோல் பங்க்காரர்கள்.

2017 ஜனவரி 8ஆம் தேதி, நாளையிலிருந்து கார்டு வாங்கமாட்டோம் என்று பங்க் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். சில வங்கிகள் அவர்களிடம் ஒரு சதவீதம்வரை கட்டணம் கேட்டிருந்தன. பெட்ரோல் விலையை பங்க்காரர் நிர்ணயிப்பதில்லை, லிட்டருக்கு இவ்வளவு கமிஷன் என்று எண்ணெய் நிறுவனம் கொடுப்பதுதான். அந்தக் கமிஷனில் கை வைத்தால் அவர் எங்கே போவார்? அன்றிரவே அரசு தலையிட்டு, வங்கிகள் 13ஆம் தேதிவரை தள்ளிப்போட்டன. கட்டணம் யார் தலையில் என்பதைத் தேசமே பேசிய ஒரு வாரம் அது. துணிக்கடைக்காரருக்கு ஒரு சதவீதம் கொசுக்கடி, பங்க்காரருக்கு அது சாப்பாட்டில் கை. மிளகு விற்பவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்.

இந்தக் கட்டணத்துக்கு எம்.டி.ஆர். என்று பெயர். அது மூன்று பேருக்குப் பிரிகிறது. பெரும்பங்கு, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ருபே மாதிரியான வலைப்பின்னலுக்கு. மிச்சம்தான் கடையில் மெஷின் வைத்தவருக்கு. ஆக, மெஷின் விற்க வருகிற பையனிடம் நீங்கள் எவ்வளவு அடித்துப் பேசினாலும் அந்த மூன்றாவது பங்கைத்தான் அசைக்க முடியும். இரண்டு நிறுவனங்களின் விகிதத்துக்கு நடுவே பெரிய வித்தியாசம் இல்லாமல் போவதற்குக் காரணம் இது.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி வேலி போட்டிருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம், அதற்கு மேல் விற்கும் கடைக்கு 0.90. ருபே டெபிட்டுக்கும் யூபிஐக்கும் 2020 ஜனவரி 1 முதல் சுழியம். க்ரெடிட் கார்டுக்கு வேலி கிடையாது, பேசி முடிப்பதுதான். சித்தப்பா கடை சின்னக் கடை என்று நானும் நினைத்திருந்தேன். மே மாதம் மட்டும் 12 லட்சம் ஆகிறது, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளையும் கூட்டினால் 20 லட்சம் தாண்டிவிடுகிறது. ஆக அவருக்கு 0.90.

இலவச மெஷின் பையன் வாயால் சொன்னது ஒரே எண்: 1.8. அவன் கொடுத்த தாளில் நாலு வரி இருந்தது. ருபே டெபிட் ஒன்று, மற்ற டெபிட் ஒன்று, க்ரெடிட் ஒன்று, வெளிநாட்டுக் கார்டு ஒன்று. வாயால் சொல்லும் எண்ணை விட்டுவிட்டுத் தாளை வாங்கிப் பாருங்கள். ‘கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா’ என்று வாடிக்கையாளர் தலையில் கட்டும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. டெபிட் கார்டில் அப்படி வசூலிப்பதை நிறுத்தச் சொல்லி ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. கடைத்தெருவுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

சித்தப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மே மாதம் 40,000 விற்கும் நாளில் கார்டு வழியாக வருவது ஏறக்குறைய 6,000. மாதத்துக்கு 1,80,000. பேங்க்காரர் 2 சதவீதம், பையன் 1.8. வித்தியாசம் 360 ரூபாய். சீசன் மாதத்திலேயே அவ்வளவுதான்! மற்ற மாதங்களில் டீக்காசு. பேங்க் மெஷினின் மாத வாடகைதான் உறுத்தியது, விற்பனையே இல்லாத மழைக்காலத்திலும் அது ஓடும்.

இதுவரைக்கும் பையன் பக்கம்தான் தராசு சாய்ந்திருந்தது. சித்தப்பா அப்போதுதான் இரண்டு வருடம் முந்தைய மே மாதத்தைப் பற்றிச் சொன்னார்.

அப்போதும் ஓர் இலவச மெஷின் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். கார்டு, யூபிஐ இரண்டும் அவர்கள் வழியாகவே வந்து, மறுநாள் கணக்கில் விழும். மே இரண்டாம் வாரம் ஒரு நாள் பணம் விழவில்லை. ஆப்பைத் திறந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’. போன் போட்டால் பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்து, “சார், உங்க ட்ரான்ஸாக்ஷன் திடீர்னு அதிகமாயிருக்கு, ரிஸ்க் டீம் செக் பண்றாங்க” என்றாளாம். கடை புகைப்படம், பில் புத்தகம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அனுப்பியும் பதினோரு நாள் ஆனது. ஒரு நாளைக்கு 30,000 வீதம் மூன்று லட்சத்துக்கு மேல் எங்கோ நின்றுகொண்டிருந்தது. மிளகு கொடுத்த மலைக்கிராமத்துக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா சேலத்தில் இரண்டு ரூபாய் வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கினார். பதினோரு நாளில் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு மாத வட்டி முழுசாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். 6,000 ரூபாய்.

360 ஒரு பக்கம், 6,000 ஒரு பக்கம்.

அந்த நிறுவனத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் தன் வங்கியிடம் போய் ‘இந்தச் செலவு நான் செய்யவில்லை’ என்று சொன்னால், பணம் கடைக்காரரிடமிருந்து திரும்ப எடுக்கப்படும். கடைக்காரர் அதற்குள் ஓடிவிட்டால் மெஷின் வைத்தவர்தான் கட்ட வேண்டும். மோசடிக்காரர்கள் செய்வது என்ன? கடை என்று பதிந்துகொண்டு சில மாதம் சும்மா இருப்பார்கள், பிறகு திடீரென்று லட்சக்கணக்கில் தேய்த்துவிட்டு மறைவார்கள். எங்கோ ஒரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, பத்து மாதம் தூங்கிவிட்டு மே மாதம் எழுந்திருக்கும் மலைக்கடை அப்படியே மோசடிக்காரன் மாதிரித்தான் தெரியும். ஏற்காட்டுக்குக் கோடை என்று ஒன்று உண்டு என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. இரண்டு மே மாதம் இங்கே வேலை பார்த்த பேங்க் ஆபீசருக்கு அது சொல்லாமலே தெரியும்.

தாத்தாவின் பூலில் பணம் அரசாங்கத்திடமாவது இருந்தது. இங்கே நடுவில் நிற்பவர் யார் என்பதே கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. நடுவில் நிற்பவர் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாகாணத்தில் பழைய பாடம் உண்டு. 1906 அக்டோபர் 22ஆம் தேதி மெட்ராஸில் அர்பத்நாட் அண்ட் கோ கதவைச் சாத்தியது. ஜமீன்தார்களிலிருந்து ஓய்வூதியக்காரர்கள்வரை பணம் போட்டிருந்த கம்பெனி. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது, போட்டவர்களுக்குப் பணம் முழுசாகக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் இந்தியன் வங்கியை உருவாக்கினார்கள், 1907 ஆகஸ்ட் 15 முதல் அது இயங்கியது. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்த பிறகு ரிசர்வ் வங்கி சிறு வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியபோது, 1925இல் தொடங்கிய நம் சேலம் வங்கியும் அந்த இந்தியன் வங்கிக்குள்தான் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் தாத்தா காலம் என்று நினைத்தால், 2020 மார்ச் 5 இருக்கிறது. அன்று மாலை யெஸ் பேங்க்குக்குத் தடை வந்தது, ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. அதே இரவு போன்பே நின்றுபோனது. அதன் பின்னணி வங்கி யெஸ் பேங்க் என்பது அதைப் பயன்படுத்திய பெரும்பாலோருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவசரமாக வேறு வங்கியைப் பிடித்து ஒரு நாளில் எழுந்துகொண்டார்கள். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க்கை ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்தியது, முதலில் வைத்த கெடுவைத் தள்ளிப்போட்டு, மார்ச் 15க்குப் பிறகு அந்தக் கணக்குகளில் புதிதாகப் பணம் ஏறாது என்றது. க்யூஆரும் சவுண்ட்பாக்ஸும் ஓடும், ஆனால் பணம் போய் விழும் கணக்கு வேறு வங்கியில் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் கடைத்தெருவில் ‘எந்தக் கணக்குக்குப் போகுது’ என்று பார்க்காத வியாபாரியே இல்லை. அதுவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

சட்டம் மெதுவாகப் பின்னால் வருகிறது. இணையக் கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் அந்தப் பணத்தைத் தங்கள் பணத்தோடு கலக்காமல் ஒரு வங்கியில் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி விதி செய்தது. கடை மேசைமேல் இருக்கும் மெஷின்கள் வழியாக அப்படி வசூலிப்பவர்களை அந்த வேலிக்குள் கொண்டுவர 2025 செப்டம்பர் ஆனது. ஆகவே இப்போது மெஷின் விற்க வருபவரிடம், ‘நீங்கள் வங்கியா, வங்கிக்காக வேலை செய்பவரா, நீங்களே பணத்தை வாங்கிக் கொடுப்பவரா? அப்படியென்றால் அனுமதி இருக்கிறதா, காப்புக் கணக்கு எந்த வங்கியில்?’ என்று கேட்கலாம். பதில் தெரியாமல் முழித்தால் தாளை மடித்துக் கொடுத்துவிடலாம். அந்தப் பையனிடம் சித்தப்பா கேட்டார். நல்ல பையன், “கேட்டுச் சொல்றேங்கண்ணா” என்று போனான், நாலு நாளில் எழுத்தில் கொண்டுவந்தும் கொடுத்தான். அதனால்தான் அவனை முழுசாக விடவில்லை.

கடைசியில் இரண்டையுமே எடுத்தோம். கார்டு மெஷின், கணக்கு இருக்கும் வங்கியின் ஏற்காடு கிளை வழியாக. மழை மாதங்களுக்கு வாடகையைப் பாதியாக்கச் சொல்லிக் கேட்டார் சித்தப்பா. மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு மேலே எழுதி வாங்கிக் கொடுத்தார். யூபிஐ, அந்தப் பையனுடைய சவுண்ட்பாக்ஸில், பணம் வேறொரு வங்கிக் கணக்குக்கு. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். இரண்டு இடத்துக்கும் ஏப்ரல் முதல் வாரமே ஒரு கடிதம் போகிறது: கடந்த மே மாதம் நாள்வாரியாக விற்றது இவ்வளவு, இந்த மே மாதமும் இப்படி ஏறும், ஜூனில் இறங்கும், பில் நகல் இணைப்பு. அந்தக் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். “பூல் ஆபீசுக்கு எங்கப்பா எழுதுன மாதிரியே இருக்குடா” என்று சித்தப்பா வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மெஷினைப் பொருத்த வந்த பையனை அவர் உடனே விடவில்லை. மணி நாலரை, கண்ணெதிரே ஏரி மறையும் அளவுக்குப் பனி இறங்கியிருந்தது. “கல்லாகிட்ட வேண்டாம் தம்பி, பின்னாடி குடோன்ல வெச்சுப் போடு” என்றார். சீசன் கூட்டத்தில் பெரிய பில்லெல்லாம் அங்கேதான் போடுவது. முதல் சிம்மில் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் பையிலிருந்து வேறு கம்பெனி சிம் ஒன்றை எடுத்து மாற்றினான். தன் கார்டைச் செருகி ஒரு ரூபாய்க்குத் தட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சீட்டு வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஒரு ரூபாய் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சித்தப்பா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.